கழற்றிப் பூட்டிக் கற்றவர்

ஆம்பூர் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்குப் பிரியாணி நினைவுக்கு வரும். எங்களுக்கோ தோலும் ஷூவும்தான் நினைவுக்கு வரும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நெடுகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் பலருடைய தாய்மார்கள் விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறிச் சென்று ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிறார்கள். மிஷின் ஓடும்வரை கவலை இல்லை. நின்றுவிட்டால் கையை உயர்த்திவிட்டு, மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைய கணக்கில் அத்தனை ஜோடி குறையும். பத்து ஆண்டுகளாக ஒரே மிஷினில் தைப்பவர்கள்கூட அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததில்லை என்கிறார்கள். மெக்கானிக்குகள் எல்லாரும் ஆண்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், மூடியைத் திறந்து பார்த்தே வாழ்நாள் முழுவதும் கற்ற ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலருக்காக எழுத எடுத்துக்கொண்டோம். அவர்தாம் கோவை தந்த அறிவியல் மேதை திரு. ஜி. டி. நாயுடு அவர்கள்.

நாங்கள் அவரைத் தேடிப் போனதற்கு ஒரு பழைய ரேடியோ காரணம். எங்கள் பள்ளி அறிவியல் கூடத்து அலமாரியில், யாரோ ஒரு பெற்றோர் எப்போதோ கொடுத்த மரப்பெட்டி ரேடியோ ஒன்று தூசி படிந்து கிடந்தது. பாடவேளை ஒன்றில் ஆசிரியை வராததால் நாங்கள் நால்வர் அதைத் திருப்புளி கொண்டு பிரித்துவிட்டோம். உள்ளே கண்ணாடிக் குப்பிகள் போல ஐந்து வால்வுகள் இருந்தன. அவற்றைக் கழற்றி மேசைமேல் வரிசையாக வைத்தோம். திரும்பப் பொருத்தும்போதுதான் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வேளையில் அறிவியல் சிஸ்டர் உள்ளே வந்தார்கள்.

திட்டு விழும் என்றுதான் நினைத்தோம். விழுந்தது. ஆனால் பிரித்ததற்காக அல்ல, படம் வரையாமல் பிரித்ததற்காக! அத்தகைய ரேடியோவை மின்சாரத்தில் இணைத்திருந்தால், இணைப்பை எடுத்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருந்து ஆளைத் தூக்கிப் போடும் என்றும் எச்சரித்தார்கள். பிறகு, கழற்றிய பொருளைத் திரும்பப் பூட்டத் தெரிந்த ஒருவரைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி நாயுடு அவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதினார்கள்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். (சிஸ்டர்கள் மன்னிப்பார்களாக. இதை விட்டுவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. நடந்ததை மறைப்பது பொய்க்குச் சமம் என்பதால் எழுதிவிட்டோம்.) தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. ஆனால் படிப்பதை அவர் நிறுத்தவில்லை. கைக்குக் கிடைத்த நூல்களைத் தாமே படித்துக்கொண்டார்.

வாலிபப் பருவத்தில் ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுவதைக் கிராமத்தார் வியந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவருக்கு மட்டும் தூக்கம் போயிற்று. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். வீட்டை விட்டுக் கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டு, சாம்பார் ஊற்றி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் 300 ரூபாய் ஆயிற்று. அந்தத் தொகைக்கு அவ்வகை மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

நாமாக இருந்தால் அதில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றியிருப்போம். அவர் அதை ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார், பிறகு பூட்டினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று கண்டுகொண்டார். இந்த ஒரு வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும் ஆயிற்று என்றால் மிகையாகாது. அதன் பிறகே அவர் மெக்கானிக் ஆனார்.

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பம்பாய் வரை சென்று பணத்தை இழந்து திரும்பினார். 1920-இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. சில ஆண்டுகளில் அந்த ஒரு பேருந்து, யூ. எம். எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாமைக்கும் வண்டிப் பராமரிப்புக்கும் பெயர் பெற்ற நிறுவனம் அது. அவர் பெரும் செல்வர் ஆனது இதனால்தான். ஆனால் நாங்கள் சொல்ல வந்தது பேருந்துகளைப் பற்றி அல்ல.

1932-இல் நீலகிரி மலையின் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பக்கத்து ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் மோட்டார் வேண்டும். மோட்டாரோ கப்பலில் வந்துகொண்டிருந்தது. இந்நிலையில் 1937-இல், கோவை பீளமேட்டில் இருந்த நாயுடு அவர்களின் தொழிற்கூடத்தில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாயிற்று. இதில் டி. பாலசுந்தரம் நாயுடு என்பவரின் உழைப்பு மிகப் பெரிது. பிற்காலத்தில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. புகழ் முழுவதையும் ஒருவருக்கே கொடுத்துவிடுவது நியாயம் ஆகாது என்பதால் இரு பெயர்களையும் எழுதுகிறோம்.

அவர் செய்த சிறு கருவிகளின் பட்டியல் எங்களுக்கு மிகவும் பிடித்தது. உலர் மின்கலத்தில் இயங்கும் சிறிய மோட்டார் பொருத்திய சவரக் கருவி ஒன்றைச் செய்து, அதற்கு ரசாண்ட் என்று பெயரிட்டார். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, சினிமாக் காமிராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி ஆகியவையும் உண்டு. மின்கலத்தில் ஓடும் ரேசரையும் மண்ணெண்ணெய் விசிறியையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று தோன்றியது. சுவரில் மின்சாரம் இல்லாத வீட்டை அவர் மறக்கவே இல்லை! அன்று நம் நாட்டில் பெரும்பாலான வீடுகள் அப்படிப்பட்டவைதாமே. கள்ள ஓட்டுப் போட முடியாதபடி வாக்குப் பதிவு செய்யும் இயந்திரம் ஒன்றையும் அவர் உருவாக்கினார். இந்தியத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1982-இல், கேரளத்தின் பறவூர் தொகுதியில். அதைக் காண அவர் இல்லை.

இனி ரேடியோவுக்கு வருவோம். 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குத் தம்மால் செய்து தர முடியும் என்று அவர் அறிவித்தார். எங்கள் அலமாரிப் பெட்டியில் இருந்தவையும் ஐந்து வால்வுகள்தாம் என்பதால் அந்த வரியைப் படித்தபோது நால்வரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். ஐந்து வால்வு ரேடியோவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் வால்வு, வானில் வரும் அலையை நமக்கு வேண்டிய ஓர் அலையெண்ணுக்கு மாற்றுகிறது. இரண்டாவது அதைப் பெருக்குகிறது. மூன்றாவது அதிலிருந்து குரலையும் இசையையும் பிரித்தெடுக்கிறது. நான்காவது அதை ஒலிபெருக்கி அதிரும் அளவுக்கு வலுவாக்குகிறது. ஐந்தாவது, மற்ற நான்குக்கும் வேண்டிய நேர்மின்னோட்டத்தைத் தருகிறது. டிரான்சிஸ்டர் என்னும் பட்டாணி அளவுப் பொருள் அமெரிக்காவில் பிறந்ததே 1947-இல்தான். அதற்கு முன்னர் ரேடியோ என்பது செல்வர் வீட்டு வரவேற்பறைப் பொருள். அதை எளியவர் வீட்டுக்கும் கொண்டுவர முடியும் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அக்காலத்தில் தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும். காருக்கு உரிமம் கிடைக்கவில்லை, உற்பத்தியும் நின்றது. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று டாடா நானோவை நாடே பேசியது 2009-இல். இடைப்பட்ட 57 ஆண்டுகளை நினைத்தால் எங்களுக்குக் கோபம் வருகிறது. செய்யத் தெரிந்தவரிடம் செய்யாதே என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

ஆனால் எல்லாப் பழியையும் அரசின் தலையில் போட நாங்கள் விரும்பவில்லை. நாயுடு அவர்களின் முன்னெடுப்பாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. ஆர்தர் ஹோப் என்பது அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர். 1945-இல் நாயுடுவே கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். பள்ளியை விட்டு ஓடிய பிள்ளை கல்லூரி முதல்வர் ஆன அதிசயத்தைப் பாருங்கள்! நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கருத்து. ஆங்கில அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். விலகாமல் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கலாமே என்று எங்களில் இருவர் நினைக்கிறோம். மற்ற இருவர் அவர் செய்ததே சரி என்கிறார்கள். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இடம் மாறிவிட்டாலும், அவினாசி சாலைப் பேருந்து நிறுத்தம் ஒன்றின் பெயராக ஹோப் காலேஜ் என்பது நிலைத்துவிட்டது.

காமிராவும் கையுமாக அவர் உலகம் சுற்றினார். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார். காந்தியடிகளையும் நேருவையும் நேதாஜியையும் படம்பிடித்தார். பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை ஆராய்ந்தார். அவருடைய பண்ணையைச் சர் சி. வி. ராமனும் விசுவேசுவரய்யாவும் வந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டை 11 மணி நேரத்தில் கட்டி முடித்தார் என்பதும் அவரைப் பற்றிய செய்திகளுள் ஒன்று. தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு.

இந்நாளில் ஹேக்கர் என்ற சொல்லைக் கேட்டால் வங்கிப் பணத்தைத் திருடுபவர் என்றே பெற்றோர் அஞ்சுகிறார்கள். 1950-களின் இறுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொம்மை ரயில்களுக்கு மின்சுற்று அமைத்து மகிழ்ந்த மாணவர்களிடையே அச்சொல் வழங்கியபோது அதற்கு அந்தப் பொருள் இல்லை. ஒரு பொருளைத் திறந்து, புரிந்துகொண்டு, இன்னும் திறமையாக இயங்கச் செய்பவரையே அது குறித்தது. அவர்களுக்கு எத்தனையோ ஆண்டு முன்பே கோவையில் ஒருவர் ரட்ஜ் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

1967-இல் அவர் அமைத்த தொழிற்கண்காட்சி கோவை அவினாசி சாலையில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் காலமானார். 2025-இல் அதே சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்தில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

எங்கள் ரேடியோ என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சிஸ்டரின் மேற்பார்வையில், இம்முறை படம் வரைந்துகொண்டு, வால்வுகளை அதனதன் இடத்தில் பொருத்திவிட்டோம். இன்னும் பாடவில்லை. நால்வரில் ஒருத்தியின் அம்மா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் பழைய தையல் மிஷினின் அடிமூடியை மகளோடு உட்கார்ந்து கழற்றினார்கள். நூல் அறுந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அங்கே சுற்றியிருந்த நூற்சிக்கு. வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், திருப்புளியோடு அறிவியல் கூடத்தில் இருக்க அனுமதி கேட்டுத் தலைமைச் சகோதரிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பொதுத்தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.