இயந்திரத்தைப் பிரித்துப் படித்தவர்

சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணாம், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பழைய மோட்டார் சைக்கிள்களை இன்றும் காணலாம். இரவெல்லாம் மழை பெய்து குளிர்ந்த காலைப் பொழுதில், அத்தகைய வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிடாது. 'சோக்'கை இழுத்துவிட்டு, மேலும் இரண்டு மூன்று முறை உதைக்க வேண்டும். நண்பகல் வெயிலில் அதே வண்டி ஒரே உதையில் கிளம்பும். அப்போது சோக்கை இழுத்தால் கரும்புகை கக்கி நின்றுவிடும். வண்டியும் பெட்ரோலும் மாறவில்லை; இயந்திரத்தின் சூடும் அதைச் சுற்றியுள்ள காற்றுமே மாறின. இம்மாற்றத்திற்கு ஏற்ப எரிபொருளைக் கலந்து தரவேண்டிய கருவிதான் கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் நடுவே ஒரு குறுகிய வழி உண்டு. அவ்வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால், அடியில் உள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் நுண்துளை வழியாக மேலெழுந்து, தூறலாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று தேவை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எனவே, கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிடும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. எனவே, பெட்ரோல் மிகுந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வைக் கவனித்துச் சிறு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்வதே கார்புரேட்டரைச் சீரமைக்கும் கலை. அக்கலையைக் கையாலும் காதாலும் கற்க வேண்டியிருந்த காலத்தில், பள்ளிப் படிப்பை முடிக்காத ஓர் இளைஞர் இயந்திர உலகில் அடியெடுத்து வைத்தார். அவர்தான் ஜி.டி.நாயுடு என அழைக்கப்படும் கோபாலசாமி துரைசாமி நாயுடு.

நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் தமிழ்நாட்டில், கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அதே 1893ஆம் ஆண்டில்தான் ஐரோப்பாவில் வில்லெல்ம் மைபாக், டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகியோர் பெட்ரோலைத் தூறலாக்கும் கார்புரேட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தனர். இளமையிலேயே தாயை இழந்த நாயுடுவுக்குப் பள்ளிப் பாடங்களில் நாட்டம் ஏற்படவில்லை. தொடக்கப் பள்ளியோடு அவருடைய படிப்பு நின்றது. தந்தையின் நிலத்தில் வேலை செய்துகொண்டே கிடைத்த நூல்களைத் தாமே படித்தார்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த 'ரட்ஜ்' வண்டியை ஊரில் கண்டதும், மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்விந்தையின்மேல் அவர் மனம் பதிந்தது. அத்தகைய வண்டியை வாங்கியே தீர்வது என முடிவு செய்தார். ஆனால், கையில் பணமில்லை. எனவே, கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை அவர் ஓட்டி மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வண்டியின் உறுப்புகள் அனைத்தையும் பிரித்துப் போட்டார்; ஒவ்வொன்றின் பணியையும் ஆராய்ந்தார்; பின்னர் மீண்டும் பூட்டினார். தவறாகப் பூட்டியிருந்தால் மூன்றாண்டு உழைப்பும் வீணாகியிருக்கும். அந்தத் துணிவுதான் அவருடைய முதல் பாடசாலை.

அக்காலத்து மோட்டார் சைக்கிளை ஓட்டுவதே ஒரு படிப்பு. இன்று வலக்கைப் பிடியை முறுக்கினால் போதும்; அன்றோ கைப்பிடியில் எரிவளிக் கலவைக்கு ஒன்றும் காற்றுக்கு ஒன்றுமாக இரு சிறு நெம்புகோல்கள் இருந்தன. குளிர்ந்த காலையில் காற்று நெம்புகோலைச் சற்று மூட வேண்டும்; இயந்திரம் சூடேறியதும் மெல்லத் திறக்க வேண்டும். கலவையில் பெட்ரோல் மிகுந்தால் இயந்திரம் திணறிப் புகை விடும்; ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். பெட்ரோல் குறைந்தால் இயந்திரம் இருமி, அளவுக்கு மீறிச் சூடாகும். ஸ்பார்க் பிளக் வெளுத்துப்போகும். இளம்பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரியானது எனப் பொருள். ஓட்டுநரே வழியெங்கும் ஒலியைக் கேட்டு அளவைத் திருத்திக்கொண்டு செல்ல வேண்டும்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பெரும் பொருள் ஈட்டினார். பின்னர், பம்பாய்ப் பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார். ஆனாலும், இயந்திரங்களைப் பற்றிய அறிவு அவரிடமே இருந்தது. 1920ஆம் ஆண்டில், தொழிலதிபர் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் பருவக்காற்று பொள்ளாச்சிப் பகுதிக்கு ஈரத்தைக் கொண்டுவரும். கிழக்கே பழனியை நோக்கிச் செல்லச் செல்ல வறட்சி கூடும். காலைக் குளிரும் நண்பகல் வெப்பமும் ஒரே நாளில் மாறி மாறி வரும். இத்தகைய பாதையில் பேருந்தை நேரந்தவறாமல் ஓட்டுவதற்கு, இயந்திரத்தின் போக்கை நன்கு அறிந்த கை வேண்டும். நாயுடுவிடம் அந்தக் கை இருந்தது. அந்த ஒரு பேருந்தே பிற்காலத்தில் 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

பேருந்துத் தொழிலோடு அவருடைய ஆர்வம் அடங்கிவிடவில்லை. 1937ஆம் ஆண்டு, கோயம்புத்தூரின் பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்மோட்டார் வெளிவந்தது. அம்முயற்சியில் டி.பாலசுந்தரம் அவருக்குத் துணைநின்றார். சிறு மின்மோட்டாரால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி எனப் பலவற்றை அவர் உருவாக்கினார். 1941ஆம் ஆண்டு 70 ரூபாய்க்கு வானொலிப் பெட்டி தர முடியும் என அறிவித்தார். 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய சிறிய காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். எளிய மக்களும் வாங்கக்கூடிய அந்தக் காரைப் பெருமளவில் தயாரிக்க அரசாங்கத்தின் உரிமம் கிடைக்கவில்லை. அத்திட்டம் அத்துடன் நின்றது.

கல்வித் துறையிலும் அவருக்குப் போராட்டம் காத்திருந்தது. 1945ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க அவர் பெரிதும் காரணமாக இருந்தார். அதன் முதல்வராகவும் பணியாற்றினார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையில் கைகளால் செய்து கற்றால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவருடைய கருத்து. அரசு அதனை ஏற்கவில்லை. தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமின்றி அவர் பதவியைத் துறந்தார். பட்டம் பெறாத ஒருவர் பட்டப்படிப்பை அமைக்கும் முறை பற்றிப் பேசுவதைச் சிலர் ஏற்காமல் இருந்திருக்கலாம். ஆயினும், அவருடைய கருத்து வெறும் பேச்சன்று. பிரித்துப் பூட்டிய ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து பிறந்த அனுபவம்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் ஜி.டி.நாயுடு மறைந்தார். அவர் படைத்த கருவிகளையும் சேகரித்த பொருள்களையும் கோயம்புத்தூர் அவினாசி சாலையிலுள்ள கண்காட்சியகத்தில் இன்றும் மாணவர்கள் கண்டு பயனடைகின்றனர்.

இன்றைய புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்கு மாற்றாக மின்னணு எரிபொருள் செலுத்தி பொருத்தப்படுகிறது. காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் உணரிகள் அளக்கின்றன. சிறு கணினி பெட்ரோலின் அளவை நொடிப்பொழுதில் முடிவு செய்கிறது. ஓட்டுநரின் காது செய்த வேலையை இன்று கருவி செய்கிறது. எனினும், அக்கருவியையும் யாரோ ஒருவர் புரிந்துகொண்டு வடிவமைக்க வேண்டும். பழுதானால் திருத்த வேண்டும். வசதியோ பட்டமோ இல்லாத நிலையிலும், ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது எனக் கேட்டு, விடை கிடைக்கும்வரை விடாமல் முயன்றவர் நாயுடு. கேள்வி கேட்கும் மனமும் கற்றுக்கொள்ளத் தயங்காத கைகளும் கொண்ட மாணவர்களுக்கு அவருடைய வாழ்க்கை சிறந்த வழிகாட்டியாகும்.