மாராவின் தினவு

தமிழில் தினவு என்று ஒரு சொல் உண்டு. தோலில் எழும் நமைச்சலுக்கும் அதுவே பெயர். போருக்கு முந்தும் வீரனின் துடிப்புக்கும் அதுவே பெயர். ஒருவன் தோள் தினவெடுத்து நிற்கிறான் என்றால், அவனுக்குச் சொறியும் சிரங்கும் வந்துவிட்டதாக யாரும் எண்ணுவதில்லை. மோதுவதற்கு ஒருவன் அகப்படமாட்டானா என்று ஏங்குகிறான் என்றே பொருள் கொள்கிறோம்.

இவ்விரண்டு தினவும் ஒரே மனிதரிடம் வந்து கூடியதை வரலாற்றில் காண்கிறோம். அவர்தாம் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான ழான் பால் மாரா. உடலில் ஓயாத நமைச்சல். உள்ளத்தில் தணியாத போர்வெறி. புண்பட்ட தோலே அவர் உள்ளத்தின் அடையாளம் என்று அவர் காலத்துப் பகைவர் பேசினர். அந்த நோய்தான் அவரைக் கொடியவராக்கியது என்று பின்வந்தோர் சிலரும் எழுதினர். அது சரிதானா என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே நாம் ஆராய்ந்து பார்க்கலாம்.

மாரா பிரான்சு நாட்டில் பிறந்தவர் அல்லர். இன்று ஸ்விட்சர்லாந்தில் அடங்கியுள்ள நூஷாத்தெல் பகுதியில், பூத்ரி என்னும் சிற்றூரில், 1743-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் பிறந்தார். தந்தை சார்தீனியத் தீவினர். கத்தோலிக்கத் துறவியாயிருந்து, பின்னர்க் கால்வினிய சமயத்தைத் தழுவியவர். தாய் பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டு குடும்பத்தினர். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்ட மாரா, போர்தோ நகரில் ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். பிறகு பாரிசுக்குச் சென்றார்; 1765-இல் லண்டனுக்குச் சென்று மருத்துவத் தொழில் நடத்தினார். 1775-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவப் பட்டம் வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, கொடுங்கோன்மையைச் சாடும் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் அவர் வெளியிட்டிருந்தார். அடிமைத்தனத்தின் சங்கிலிகள் என்பது அதன் பெயர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்தொன்று. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1777-இல் வாழ்வு வளம் பெற்றது. பதினாறாம் லூயி மன்னரின் தம்பியான ஆர்த்துவா கோமகனுடைய காவற்படைக்கு அவர் மருத்துவரானார். ஊதியமும் வந்தது, உயர்குடியினரின் நட்பும் வந்தது. ஓய்வு நேரத்தில் நெருப்பு, ஒளி, மின்சாரம் ஆகியவற்றைப் பற்றி ஆராய்ந்தார். பெஞ்சமின் பிராங்க்ளினே அவருடைய சோதனைகளைப் பார்க்க வந்தார். ஆயினும் பாரிசின் அறிவியற் கழகம் அவருடைய முடிவுகளை ஏற்க மறுத்தது. வேதியியல் மேதை லவாய்சியர் அக்கழகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தார். அந்த அவமதிப்பை மாரா இறுதிவரை மறக்கவில்லை. 1780-இல் குற்றவியற் சட்டத்தைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். ஏழைக்கு உணவளிக்காத சமுதாயம், பசியால் திருடியவனைத் தண்டிக்க எங்ஙனம் உரிமை கொண்டாடும் என்பது அதில் அவர் எழுப்பிய வினா. இரக்கமும் சினமும் அவரிடம் அன்றே ஒன்றாகக் குடியிருந்தன.

1789-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் பாஸ்டில் சிறை வீழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாரா ஓர் இதழ் தொடங்கினார். விரைவில் அதற்கு மக்கள் நண்பன் என்னும் பெயர் அமைந்தது. அப்பெயரே அவருக்கும் பட்டமாயிற்று. அமைச்சர்கள், படைத்தலைவர்கள், பேரவை உறுப்பினர்கள் என ஒருவரையும் அவ்விதழ் விட்டுவைக்கவில்லை. அதனால் அவரைச் சிறைபிடிக்க ஆணைகள் பிறந்தன. 1790 ஜனவரியில் படைவீரர்கள் அவர் இருப்பிடத்தைச் சூழ்ந்துகொள்ள, அவர் தப்பி லண்டனுக்கு ஓடினார். மீண்டு வந்த பிறகும் பல நாள்கள் நிலவறைகளிலும், பாரிசின் கழிவுநீர்ச் சுரங்கங்களிலும் கூட ஒளிந்து வாழ நேர்ந்தது.

சாக்கடையில் ஒளிந்ததால்தான் அவருக்குத் தோல்நோய் பிடித்தது என்பது மக்களிடையே வழங்கும் கதை. ஆனால், புரட்சிக்கு முன்பே அவர் உடல்நலம் குன்றியிருந்தது. ஈரமும் இருளும், உறக்கமின்மையும், மாற்றுடை இல்லாமையும் உடலிலிருந்த கேட்டை வளர்த்தன என்று கொள்வதே பொருந்தும். நீர்க்கொப்புளங்கள் எழுந்தன; உடைந்தன; புண்ணாயின. புண் ஆறுமுன் அடுத்த இடத்தில் நமைச்சல் தோன்றியது. உடலும் மெலிந்தது.

நமைச்சல் என்பது சிறு துன்பம் என்று அதை அறியாதவர் நினைப்பர். கொசு கடித்தால் சொறிகிறோம், மறந்து விடுகிறோம். ஆனால், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்கும் நமைச்சல் வேறு. அது மெல்லிய வலியே என்று மருத்துவரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நமைச்சலை மூளைக்கு எடுத்துச் செல்லும் தனி நரம்பிழைகள் மனிதத் தோலில் உண்டு என்பது 1997-இல்தான் சோதனையால் புலப்பட்டது. சொறியும்போது உண்டாகும் வலி, நமைச்சலைச் சிறிது நேரம் அடக்குகிறது. அதனால் கை தானே செல்கிறது. சொறியச் சொறியத் தோலின் காப்பு கிழிகிறது, கிருமிகள் புகுகின்றன, வீக்கம் மிகுகிறது, முன்னிலும் கடுமையாக நமைக்கிறது. பகலில் வேலை நினைவை மாற்றும். இரவில், போர்வையின் வெம்மையில், அந்த ஆறுதலும் இல்லை. உறங்காத இரவு மறுநாளின் பொறுமையைத் தின்றுவிடுகிறது. கரைகட்டிய உடையும், கம்பளியும், வியர்வையும் அத்தகைய தோலுக்குப் பகை. இந்த வட்டத்துக்குள் அகப்பட்டவர் நம்மிடையிலும் உண்டு. அவர்களைக் கேட்டால் மாராவின் இரவுகள் எத்தகையவை என்பது விளங்கும்.

அந்த இரவுகளில் துணை நின்றவர் சிமோன் எவ்ரார் என்னும் பெண்மணி. அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். தம் கைப்பொருளை இதழுக்குக் கொடுத்தார், அவருக்கு ஒளிவிடம் தந்தார், புண்ணுக்கு மருந்திட்டார். திருச்சபையும் சட்டமும் அறிய அவர்கள் மணக்கவில்லை. எனினும், கணவன் மனைவியாகவே வாழ்ந்தனர். நாடெல்லாம் அஞ்சிய ஒருவருடைய உடலை அருவருப்பின்றித் தொட்டவர் அவர்.

மாராவை வெறும் நோயாளியாக மட்டும் காட்டி, அவர்மீது இரக்கம் கொள்ளச் செய்வது நம் நோக்கமன்று. 1790-இலேயே, ஐந்நூறு அறுநூறு தலைகளை வெட்டினால் நாட்டுக்கு அமைதி கிட்டும் என்னும் கருத்தை அவர் எழுதினார். 1792 செப்டம்பரில் பாரிசின் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் சில நாள்களில் கொல்லப்பட்டனர். பிற ஊரினரும் அதனைப் பின்பற்ற வேண்டும் என்று கேட்கும் சுற்றறிக்கையில் மாராவின் கையொப்பம் இருந்தது. அதே மாதம் அவர் தேசியப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்க்கட்சியினரான ழிரோந்தியர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். 1793 ஏப்ரல் 24-ஆம் நாள் புரட்சி நீதிமன்றம் அவரை விடுவித்தது. மக்கள் அவருக்கு மாலை சூட்டித் தோளில் தூக்கிச் சென்றனர். ஜூன் 2-ஆம் நாள் ழிரோந்தியர் வீழ்ந்தனர்.

வெற்றியின் உச்சியில் நின்ற அவ்வேளையில் உடல் அவரைக் கைவிட்டது. பேரவைக்குச் செல்வது நின்றது. சப்பாத்து வடிவில் அமைந்த குளியல் தொட்டி ஒன்றில் நாளின் பெரும்பகுதியை அவர் கழித்தார். நீர் தோலின் வெம்மையைத் தணித்தது. வறண்டு வெடித்த பொருக்கை இளக்கியது. தலையில் காடியில் நனைத்த துணி. தொட்டியின் குறுக்கே ஒரு பலகை; அதன்மேல் தாளும் மைக்கூடும். அங்கிருந்தே இதழ் எழுதினார். பேரவைக்கு மடல்கள் விடுத்தார். ஜூலை 12-ஆம் நாள் அவரைக் காண வந்த ஓவியர் தாவீத், இந்தக் கோலத்திலேதான் அவரைக் கண்டார்.

மறுநாள் வந்தவள் சார்லத் கோர்தே. வடபுலத்துக் கான் நகரிலிருந்து வந்தவள், வயது இருபத்துநான்கு, ழிரோந்தியரிடம் பற்றுக் கொண்டவள். பேரவையில், எல்லாரும் காண, மாராவைக் கொல்ல வேண்டும் என்பதே அவள் முதலில் கொண்டிருந்த திட்டம். நோயினால் அவர் அங்கு வருவதில்லை என்று பாரிசில் அறிந்த பின்னரே, அவர் வீட்டுக்குப் போக முடிவு செய்தாள். ஒரு கத்தியை விலைக்கு வாங்கினாள். காலையில் வாயிலில் தடுக்கப்பட்டாள். மாலையில் மீண்டும் வந்தாள். தன் ஊரில் சதி செய்வோரின் பெயர்களைச் சொல்வதாகக் கூறி உள்ளே நுழைந்தாள். மாரா அப்பெயர்களை எழுதிக்கொண்டார். கத்தி அவர் மார்பில் பாய்ந்தது. சிமோன் ஓடி வந்தும் பயனில்லை. 1793 ஜூலை 13-ஆம் நாள், ஐம்பதாம் வயதில், அந்தத் தொட்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது. நான்கு நாள் கழித்துக் கோர்தேயின் தலை கில்லட்டினில் வீழ்ந்தது.

தாவீத் தம் நண்பரின் சாவை ஓவியமாக்கினார். பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வோவியம் உலகப் புகழ் பெற்றது. அதில் மாராவின் தோள் பளிங்குபோல் வழவழப்பாயிருக்கிறது. மார்பில் கத்திக் காயம் ஒன்றைத் தவிர வேறு புண் இல்லை. பகைவர் அந்தத் தோலைத் தீமையின் முத்திரை என்றனர். நண்பரோ அதனை அடியோடு துடைத்துவிட்டார். தோலில் குறை இருந்தால் மனிதர் தூயவராகார் என்னும் எண்ணம் இருசாராரிடமும் இருந்தது போலும்.

நோய் யாது என்பதைப் பற்றி மருத்துவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டு வந்திருக்கின்றனர். மேகநோய் என்றும் குட்டம் என்றும் பழித்தவர் பலர். 1979-இல் ஒரு மருத்துவ ஆய்வாளர், கோதுமையிலுள்ள புரதம் ஒவ்வாமையால் எழும் கொப்புள நோயாக இருக்கலாம் என்றார். அது உண்மையாயின், எந்த ரொட்டிக்காகப் பாரிசு மக்கள் கொதித்தெழுந்தனரோ, அந்த ரொட்டியே அவர்களுடைய நண்பருக்கு நஞ்சாயிருந்தது என்றாகும். கொலையுண்ட நாளில் அவர் அருகிலிருந்த இதழ்த் தாள்கள் குருதிக் கறையோடு அவர் தங்கை அல்பெர்த்தீனால் காக்கப்பட்டு, இன்று பிரெஞ்சு தேசிய நூலகத்தில் உள்ளன. அக்கறையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மேகநோய்க்கோ குட்டத்துக்கோ அதில் தடயம் இல்லை. பொடுகுக்குக் காரணமாகும் வகையைச் சேர்ந்த மலசீசியா என்னும் பூஞ்சையும், தோலில் வாழும் வேறு கிருமிகளும் காணப்பட்டன. அப்பூஞ்சையே நோயை உண்டாக்கியிருக்கலாம். அல்லது முன்பே இருந்த கரப்பான் போன்ற அழற்சியின்மேல் அது வந்து குடியேறியிருக்கலாம் என்பது அவ்வாய்வினர் கருத்து. பழி கூறியோர் யாவரும் மறைந்தபின், அவர் சிந்திய குருதியே அவருக்காகச் சான்று பகர்ந்தது.

இனி நம் வினாவுக்கு வருவோம். நோய் அவரைக் கொடியவராக்கியதா? கொடுங்கோன்மைமீது அவர் கொண்ட சினம் 1774-இலேயே நூலாகிவிட்டது. அறிவியற் கழகத்தார்மீது கொண்ட காழ்ப்பு, அவர் அரண்மனை மருத்துவராக நலத்தோடு வாழ்ந்த நாளில் பிறந்தது. நமைச்சலும் உறக்கமின்மையும் அந்தச் சினத்தைக் கூர்மையாக்கியிருக்கலாம், அதனை விதைக்கவில்லை. மற்றொன்றும் காண்க. மாரா இறந்த பின்னரே பயங்கர ஆட்சி முழுமூச்சாக நடந்தது. பிரான்சு முழுவதிலும் ஏறத்தாழ 17,000 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. லவாய்சியரும் 1794 மே மாதத்தில் அதற்கு இரையானார். அவ்வாட்சியின் முதல்வரான ரோபெஸ்பியர், பொடி தூவிய தலையும் மடிப்புக் கலையாத உடையுமாக எப்போதும் தூய்மையாக விளங்கியவர். 

ஆகவே, மாராவின் கையொப்பத்துக்கு மாராவே பொறுப்பு. அதனை நோயின் தலையில் ஏற்றி அவரை விடுவிப்பது நீதியன்று. அவ்வாறே, அவருடைய குற்றத்தை அவர் தோலில் எழுதிப் படிப்பதும் நீதியன்று. இரண்டாவது தவறு நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. கரப்பான் கண்டவனைக் கண்டு முன்வினை என்கிறோம். காளாஞ்சகப்படை கண்டவளுக்கு மணம் பேச அஞ்சுகிறோம். இவை தொட்டால் ஒட்டும் நோய்களல்ல என்று மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும், விடுதியில் அவர்களுடைய துண்டையும் தட்டையும் தள்ளி வைக்கிறோம். நமைச்சலைவிட அந்தப் பார்வையே அவர்களை மிகுதியாகச் சுடுகிறது.

தோளின் தினவுக்கு மனிதன் பொறுப்பாளி. தோலின் தினவுக்கு அவன் பொறுப்பல்லன். முன்னதை வரலாறு தீர்ப்பிடட்டும். பின்னதற்கு வேண்டுவது, சிமோன் கொடுத்தது போல, அருவருக்காத ஒரு கை.