தம் அறியாமையை மறைக்காத அறிஞர்

எடுத்த செயலை முடிப்போம் என்னும் நம்பிக்கை நமக்கு வேண்டும். ஆயின், அந்நம்பிக்கையின் வேடம் புனைந்து தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் மயக்கமும் நம் உள்ளத்தில் புகுந்துவிடுவதுண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? சீவகசிந்தாமணியை அச்சேற்றிய தமிழ்த் தாத்தா டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை இதற்கு நல்ல விடை பகர்கின்றது.

1855-ஆம் ஆண்டு பிறந்த ஐயர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் 1876-இல் மறையும் வரை பாடங்கேட்டவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். முதலியார் வியக்கவில்லை, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதனைப் படித்ததில்லை.

மாபெரும் ஆசிரியரின் மாணவர், இருபத்தைந்து வயது இளைஞர். தமக்குத் தெரியாத நூல் அத்துணைச் சிறந்ததன்று எனத் தேற்றிக்கொள்ளுதல் அவருக்கு எளிது. அவரோ தம் குறையை ஒப்புக்கொண்டு, முதலியாரிடமே பிரதி பெற்றுப் பயிலத் தொடங்கினார்.

நச்சினார்க்கினியர் உரை துணையிருந்தும், சமண சமயச் செய்திகள் பல அவருக்கு விளங்கவில்லை. சைவச் சூழலில் வளர்ந்த அவர், ஊகத்தால் பொருள் கூறி மேற்செல்லவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அவர் சென்றபோது ஓரில்லத்தில் தோரணம் கட்டியிருந்தது. அங்குச் சிந்தாமணிப் படனம் அன்றுதான் நிறைவெய்தியது எனக் கேட்டு வியந்தார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். தாம் அறிய முடியாதெனத் தளர்ந்த நூலை வழிவழியாகப் போற்றிக் கற்போர் உளர் என்று கண்டபின்னரே அவருடைய நம்பிக்கை வேரூன்றியது.

அச்சிடத் துணிந்த பின்னும் அவர் விரையவில்லை. பல ஊர்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பாடபேதங்களை ஒப்புநோக்கினார். கையிற் பொருளில்லாமையால் அன்பர்களிடம் கையொப்பம் பெற்றார். 1887-இல் நூல் வெளிவந்தது. அதனோடு பணி முடிந்ததென்று அவர் கருதவில்லை; மேலும் ஆராய்ந்து 1907-இல் திருத்திய இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

அவருடைய முயற்சிகள் அனைத்தும் கைகூடினவோ எனின், இல்லை. நம் வளையாபதியின் சுவடியை இளமையில் திருவாவடுதுறை மடத்தில் கண்டிருந்தார். பிற்காலத்தில் தேடியபோது அது கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதிவைத்தார். சிந்தாமணியைத் தந்த அதே நேர்மைதான் இந்த இழப்பையும் மறைக்காமல் உரைத்தது. 1942-இல் அவர் மறைந்தார்.

உள்ளதை உள்ளவாறு காண்பதை நாம் நற்காட்சி என்கிறோம். தேர்வு, தொழில், இல்லற முயற்சி எதுவாயினும், நம் நம்பிக்கையை நாமே சோதிக்க ஒரு வழியுண்டு. உண்மையான நம்பிக்கை, அறிந்தவரிடம் சென்று கேட்க அஞ்சாது, திருத்தத்தை வரவேற்கும், எஞ்சிய குறையை எண்ணிப்பார்க்கும். மயக்கமோ கேள்வியைக் கண்டாலே ஒதுங்கும். நம் இல்லங்களில் இன்று அச்சுநூலாக விளங்கும் சிந்தாமணியைக் கையிலெடுக்கும்போதெல்லாம், தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்த இளைஞரை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.