அயோத்தி தாசர்

அயோத்தி தாசர் (மே 20, 1845 - மே 5, 1914) தமிழறிஞர், சித்த மருத்துவர், இதழாளர், சமூக சீர்திருத்தவாதி. பண்ணை அடிமைகளாகவும் தீண்டத்தகாதவர்களாகவும் நடத்தப்பட்ட மக்களின் முன்னோர் யார் என்னும் கேள்விக்கு விடை தேடியவர். தென்னிந்தியாவில் தமிழ்ப் பௌத்த இயக்கத்தைத் தொடங்கியவர்.

பின்னணி

தமிழகத்தின் நெல் விளையும் மாவட்டங்களில் பறையர், பள்ளர் முதலான சாதியினர் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் வந்தனர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்பதைத் தடுத்தது. எனினும் நிலமின்மையாலும் கடனாலும் பண்ணையாள் முறை தொடர்ந்தது. இச்சட்டம் வந்த இரண்டாம் ஆண்டில் அயோத்தி தாசர் பிறந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவரது இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியர் அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். இளமைக் காலம் நீலகிரியில் கழிந்தது. பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். அவர் தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை ஆரிங்டன் வழியாக எல்லிசுக்கு அளித்ததாக அயோத்தி தாசர் எழுதியுள்ளார். இழிந்தோர் எனப்பட்டவர்களின் வீட்டில் குறள் சுவடி இருந்ததை, முன்னோர் கல்வியில் சிறந்திருந்தமைக்குச் சான்றாகக் கொண்டார்.

அடையாளத் தேடல்

1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு ஆலய நுழைவு, இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகியவற்றைக் கோரினார். ஆலய நுழைவுக் கோரிக்கைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இதன்பின் இவரது நாட்டம் பௌத்தத்தின்பால் திரும்பியது. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். பின்னர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். கோலார் தங்கவயல், இரங்கூன், தர்பன் முதலிய இடங்களிலும் கிளைகள் தோன்றின.

சாதி பேதமற்ற பூர்வ பௌத்தர்களே பகைவரால் தாழ்த்தப்பட்டுப் பறையர் எனப்பட்டனர் என்பது இவரது கொள்கை. இலக்கியம், சொற்பொருள், பண்டிகை, வாய்மொழி வழக்கு ஆகியவற்றிலிருந்து இதற்குச் சான்று திரட்டினார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மக்கள் பௌத்தர் எனப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என வலியுறுத்தினார். இவரது சொல்லாராய்ச்சி முடிவுகளை ஆய்வாளர் அனைவரும் ஏற்பதில்லை. எனினும் பிறர் இட்ட பெயரை மறுத்துத் தம் வரலாற்றைத் தாமே எழுதும் உரிமையை அது அம்மக்களுக்கு உணர்த்தியது.

இதழ்ப்பணி

1907இல் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது தமிழன் எனப் பெயர் மாறியது. இந்திரர் தேச சரித்திரம், ஆதிவேதம் ஆகியவை இவரது குறிப்பிடத்தக்க நூல்கள்.

மறைவுக்குப் பின்

தீண்டாமைக்கு உள்ளானோர் முன்பு பௌத்தராக இருந்தனர் என்னும் கருத்தை அம்பேத்கரும் 1948இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வெளிவந்தபின் இவரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. 2005இல் இந்திய அஞ்சல் துறை இவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.