தோல்விக்குப் பின் தொடர்ந்த பயிற்சி

உடற்பயிற்சிக் கூடங்களில் தொடைத் தசைகளை வலுவாக்க ‘ஹேக் ஸ்குவாட்’ என்றொரு பயிற்சி உண்டு. ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட் என்ற மல்யுத்த வீரரின் பெயரிலிருந்தே அப்பெயர் வந்தது என்பது பரவலான நம்பிக்கை. 90 வயது வரை வாழ்ந்த அவரை உலகம் அறிந்திருப்பது, 34 வயதோடு முடிந்துபோன போட்டிக் காலத்துக்காக மட்டுமே. ஆனால், எடைப்பயிற்சியைப் பேரார்வத்துடன் தொடங்கி, ஒரு கட்டத்தில் ஊக்கம் வற்றி நின்றுபோனவர்கள் அறிய வேண்டியது எஞ்சிய 56 ஆண்டுகளை.

ரஷ்யப் பேரரசின் டார்ப்பட் நகரில், இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டுவில், 1877இல் பிறந்தவர் ஹேக்கன்ஷ்மிட். பொறியியல் தொழிலாளியாகப் பயிற்சி பெற்றுவந்த இளைஞரின் உடற்கட்டைக் கண்டு வியந்த டாக்டர் கிராயெவ்ஸ்கி, 1898இல் அவரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள தன் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார். ரஷ்யப் பளுதூக்கலின் தந்தை எனப் போற்றப்படும் அந்த மருத்துவரின் வீட்டிலேயே பயிற்சிக்கூடம் இருந்தது. அதே ஆண்டு வியன்னாவில் நடந்த கிரேக்க-ரோமானிய மல்யுத்தப் போட்டியில் ஹேக்கன்ஷ்மிட் பட்டம் வென்றார். மல்லாந்து படுத்த நிலையில் 361 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 164 கிலோ எடையை அவர் உயர்த்திய சாதனை, பல ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் இருந்தது.

பிறகு வந்தது மேடை வாழ்க்கை. 1902இல் இங்கிலாந்து சென்றவரை, சி.பி. காக்ரன் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் இசையரங்கங்களின் நட்சத்திரமாக்கினார். எதிராளியை நொடிகளில் வீழ்த்தினால் சீட்டு வாங்கியவர்கள் ஏமாற்றமடைவார்கள் என்பதால், ஆட்டத்தை நீட்டி வேடிக்கை காட்டவும் அவர் கற்றுக்கொள்ள நேர்ந்தது. 1904இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் துருக்கிய வீரர் அகமது மத்ராலியை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். மறு ஆண்டு நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று உலக வாகையர் ஆனார். ஆயினும், பயிற்சி என்பது மகிழ்ச்சியாக இருந்த நிலை மாறி, பிழைப்பும் புகழும் கோரும் கடமையாகிவிட்டது. இரவுதோறும் மேடையேறியவருக்கு அது சுமையாகியிருந்தால் வியப்பில்லை.

1908 ஏப்ரலில் சிகாகோவில் அமெரிக்கர் ஃபிராங்க் காட்சை எதிர்கொண்டபோது, ஹேக்கன்ஷ்மிட் போதிய பயிற்சி எடுத்திருக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இரண்டு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு அவரே தோல்வியை ஒப்புக்கொண்டார். காட்ச் உடலில் எண்ணெய் பூசியிருந்தார், முறைகேடாக ஆடினார் என்று பின்னர் குற்றம்சாட்டினார். அதே ஆண்டில் வெளிவந்த அவரது நூல், எடைப்பயிற்சியுடன் உணவு, நீராடல், ஓய்வு ஆகியவற்றையும் சேர்த்தே பேசியது. ஊருக்குச் சொன்ன ஓய்வை அவரது தொழில் அவருக்குத் தரவில்லை. 1911 செப்டம்பரில் மீண்டும் காட்சுடன் மோதுவதற்கு முன், பயிற்சியின்போது முழங்காலில் காயம்பட்டது. சிகாகோவில் பெருங்கூட்டத்தின் முன் அவர் நேர் சுற்றுகளில் தோற்றார். போட்டி வாழ்க்கை அத்துடன் முடிந்தது.

இத்தகைய முடிவுக்குப் பிறகு இரும்பைத் திரும்பிப் பார்க்காதவர்கள் உண்டு; இழந்த பட்டத்தைத் துரத்தி உடலைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஹேக்கன்ஷ்மிட் இரண்டையும் செய்யவில்லை. தத்துவத்தில் ஆழ்ந்தார், மனிதனையும் பிரபஞ்சத்தையும் பற்றி நூல்கள் எழுதினார், சொற்பொழிவுகள் ஆற்றினார். உடற்பயிற்சியையும் விடவில்லை. எண்பது வயதைக் கடந்த பின்னும் வாரம் ஒருமுறை நாற்காலியை 50 தடவை தாண்டிக் குதித்தார் என்றும், 150 பவுண்டு எடையைத் தூக்கினார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் பதிவுசெய்திருக்கிறார்கள். இளமையில் உயர்த்திய எடையில் அது பாதிகூட இல்லை. அதற்குக் கைதட்ட அரங்கமும் இல்லை. 1968 பிப்ரவரியில் லண்டனில் அவர் காலமானார்.

இன்று எடைப்பயிற்சியில் சலித்துப்போகிறவர்களில் பலர், தங்களிடம் மனவுறுதி இல்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் அவர்களைக் களைக்கவைப்பது பெரும்பாலும் ஓய்வின்றி ஏற்றிக்கொண்டே போகும் எடையும், அடுத்தவர் கண்ணுக்காகச் செய்யும் பயிற்சியும்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை எடையையும் பயிற்சி அளவையும் வேண்டுமென்றே குறைப்பது, தேர்ந்த பயிற்சியாளர்கள் கையாளும் வழி. அவ்வாறு குறைப்பதைத் தோல்வியாகக் கருதுவதாலேயே பலரும் பயிற்சியை ஒரேயடியாகக் கைவிடுகிறார்கள். முழங்கால் கெட்டு, பட்டம் இழந்து நின்ற ஒருவர் அதன் பிறகும் அரை நூற்றாண்டு உடலைப் பேணியிருக்கிறார். நின்றுபோனவர்கள் பழைய எடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாதி எடையோடு கூடத்துக்குத் திரும்பினால் போதும்.