ஒரு கோட்டில் ஊமையான வானொலிகள்: எட்வின் ஆம்ஸ்ட்ரோங்கின் கதை

எவ்.எம். வானொலியின் முள்ளை நகர்த்தினால் அது 88இல் தொடங்கி 108இல் நிற்கும். இலங்கையில் மட்டுமல்ல, உலகின் பெரும்பாலான நாடுகளிலும் ஏறத்தாழ இதுதான் எல்லை. இந்த இலக்கங்களை இயற்கை வகுக்கவில்லை. அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு ஒன்று எவ்.எம். ஒலிபரப்பை இந்த இடத்துக்கு மாற்றியது. அந்த மாற்றம் எவ்.எம்மைக் கண்டுபிடித்தவரையே நொறுக்கிவிட்டது. எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ரோங் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அவர் 1890 டிசம்பர் 18இல் நியூயோர்க்கில் பிறந்தவர். சிறுவயதில் வந்த நோயொன்று முகத்திலும் தோளிலும் ஓயாத துடிப்பை விட்டுச் சென்றது. தனிமையை விரும்பிய சிறுவன் வீட்டு மேல்மாடியில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளோடு வளர்ந்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1912இல், மெல்லிய சமிக்ஞையைப் பன்மடங்கு பெருக்கும் சுற்றொன்றைக் கண்டுபிடித்தார். முதலாம் உலகப் போரில் பாரிஸில் இராணுவ சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றுகையில், 1918இல், சுப்பர்ஹெட்டரோடைன் முறையை உருவாக்கினார். பின்னாளில் நம் வீடுகளுக்கு வந்த பெரிய வால்வு ரேடியோக்களும் சின்ன டிரான்சிஸ்டர்களும் இந்த முறையில்தான் இயங்கின.

இந்த உரிமங்களை விற்றதில் அவர் செல்வந்தரானார். ஆர்.சி.ஏ. என்ற பெரும் வானொலி நிறுவனத்தின் பங்குகள் அவர் கைக்கு வந்தன. அதை வழிநடத்திய டேவிட் சார்னோவ் அவருக்கு நண்பர். சார்னோவின் செயலாளராக இருந்த மேரியனையே 1923இல் மணந்துகொண்டார்.

அக்கால வானொலியின் பெருங்குறை இரைச்சல். அலையின் வலுவைக் கூட்டிக் குறைத்தே அது ஒலியைச் சுமந்தது. மின்னலும் மோட்டாரும் அதே வலுவைக் குலைத்தன. ஆம்ஸ்ட்ரோங் வலுவை விட்டுவிட்டு அலையின் மீடிறனை மாற்றி ஒலியைச் சுமக்க வைத்தார். அதுவே எவ்.எம். 1933இல் உரிமம் கிடைத்தது. 1935 நவம்பரில் நியூயோர்க்கில் பொறியியலாளர்கள் முன் அதை இயக்கிக் காட்டினார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் தாள் கசங்கும் சத்தமும் தெளிவாகக் கேட்டன.

ஆனால், எவ்.எம்முக்கு அகலமான இடம் வேண்டும். பழைய முறையில் ஒரு நிலையத்துக்கு 10 கிலோஹேர்ட்ஸ் போதும். இதற்கு 200 வேண்டும். அதனால் உயர்ந்த மீடிறன்களுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இடத்தைத் தொலைக்காட்சிக்காக ஆர்.சி.ஏ.யும் குறிவைத்திருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் அவர் வைத்திருந்த சோதனைக் கருவிகளை அகற்றுமாறு 1935இல் சொல்லப்பட்டது. சொந்தப் பணத்தில் நியூ ஜேர்சியின் அல்பைனில் கோபுரம் எழுப்பி அவரே ஒலிபரப்பினார்.

1940இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு எவ்.எம்முக்கு 42 முதல் 50 மெகாஹேர்ட்ஸ் வரை ஒதுக்கியது. நிலையங்கள் முளைத்தன, மக்கள் புதிய பெட்டிகளை வாங்கினர். பத்து இலட்சம் டொலருக்கு உரிமத்தைக் கேட்ட ஆர்.சி.ஏ.யிடம், மற்றவர்களைப் போலவே விற்பனைக்கேற்ற பங்கைத் தர வேண்டும் என்றார் ஆம்ஸ்ட்ரோங். இரண்டாம் உலகப் போரில் தன் உரிமங்களை அமெரிக்கப் படைகள் இலவசமாகப் பயன்படுத்த விட்டார்.

போர் முடிகிற வேளையில், 1945 ஜூனில், ஆணைக்குழு எவ்.எம்மை 88க்கு மேலே தூக்கியது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் அலைகள் தெறித்து தூரத்து நிலையங்கள் ஒன்றோடொன்று கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அது முழுக்கப் பொய்யல்ல. 88க்கு மேலே அந்தத் தொல்லை குறைவுதான். ஆனால், எவ்.எம்முக்கு உதவாதென்று சொன்ன அதே பகுதியில், 44 முதல் 50 வரையான இடம் தொலைக்காட்சிக்குக் கொடுக்கப்பட்டது. தொலைக்காட்சிப் படமோ இடையூற்றை இன்னும் குறைவாகவே தாங்கும். ஆம்ஸ்ட்ரோங்கும் வேறு வல்லுநர்களும் சாட்சியம் சொன்னார்கள். எடுபடவில்லை.

விளைவை வீடுகள்தான் சுமந்தன. இலட்சக்கணக்கான பெட்டிகளில் பழுது ஒன்றுமில்லை. கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லாமல் போனது. நிலையங்கள் புதிய கருவிகளை வாங்க வேண்டியதாயிற்று. யாருக்கும் நட்டஈடு கிடையாது. பற்றரி தடைப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட எங்களுக்கு, எங்கோ போடப்படும் கையெழுத்து ஒன்று வீட்டு வானொலியை ஊமையாக்கும் என்பதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. அங்கே போர் இல்லை, தடை இல்லை. ஒரு அட்டவணை மட்டுமே மாறியது. ஆனாலும் கேட்பவரிடம் கேட்காமலே முடிவெடுக்கும் பழக்கம் ஒன்றுதான்.

ஆர்.சி.ஏ. தன் தொலைக்காட்சிகளின் ஒலிக்கு எவ்.எம். முறையையே பயன்படுத்தியது, ஆம்ஸ்ட்ரோங்குக்குப் பணம் கொடுக்கவில்லை. 1948இல் வழக்குத் தொடுத்தார். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1950இல் உரிமங்களின் காலம் முடிந்தது. செல்வம் கரைந்தது, குடும்பம் உடைந்தது. 1954 ஜனவரி இறுதியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63.

வழக்குகளை மேரியன் கைவிடவில்லை. அதே ஆண்டில் ஆர்.சி.ஏ. சுமார் பத்து இலட்சம் டொலர் கொடுத்து இணங்கியது. மற்ற நிறுவனங்களையும் ஒவ்வொன்றாக எதிர்கொண்டு, 1967இல் கடைசி வழக்கிலும் அவர் வென்றார்.

அலைக்கற்றை அளவோடுதான் இருக்கிறது. யாராவது பங்கிட்டே ஆக வேண்டும். ஒழுங்குபடுத்தல் இல்லாவிட்டால் எல்லோரும் பேசி எவருக்கும் கேட்காது. எனவே ஆணைக்குழு இருந்ததை நான் குறை சொல்லவில்லை. 88 என்ற இடமும் இன்றுவரை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால், சரியான இடத்துக்கு மாற்றும்போதுகூட, மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. 1945இல் அந்தக் கேள்வி விலை கொடுக்க முடிந்தவர்களிடம் போகவில்லை. புதிய தலைமுறைச் சேவைகளுக்காக எந்த நாடு அலைவரிசைகளைப் பிரித்தாலும், நான் முதலில் தேடிப் பார்ப்பது ஏலத் தொகையை அல்ல. பழைய பெட்டியை வைத்திருப்பவருக்கு எவ்வளவு காலம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.