பன்னிரண்டு படுக்கைகள்

உழைப்பில் ஊதியம் உண்டு, உவகை உண்டா? ஆலை வாயிலில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார். அடையாறு நமக்கு நினைவுக்கு வந்தது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் அடையாறு!

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் கொடுமைக்கு இரையாக்கப்பட்ட குலத்தவர். பெண்ணுக்குப் படிப்பா என்று பழமை பல்லைக் கடித்தது. அவரோ ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் நுழைந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் வந்தது, பணம் வரும், பங்களா வரும். அத்தோடு நின்றிருக்கலாம். நின்றாரா?

1923-இல் தங்கையைப் புற்றுநோய் தின்றது. அக்காள் டாக்டர், ஆனாலும் காப்பாற்ற வழியில்லை! அந்த நெருப்பு அணையவே இல்லை. இடையிலே சட்டமன்றம் சென்றார், துணைத் தலைவரானார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். முழுச் சட்டம் வர 1947 ஆயிற்று. வைதிகம் அவ்வளவு எளிதில் விட்டுவிடுமா? 1930-இல் அந்த முறையிலிருந்து தப்பிய சிறுமியர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒதுங்க இடமில்லை. பிறந்தது அவ்வை இல்லம்.

1954. வயதோ 67. பேரப்பிள்ளைகளோடு பொழுதுபோக்கும் பருவம் என்பர். அவரோ நிதி திரட்டி, அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தங்கை மறைந்து 31 ஆண்டுகள்! வேலையை வெறும் சுமையாகக் கருதியவர் அந்த வயதில் இன்னொரு சுமையைத் தேடித் தூக்குவாரா, தோழரே?

1968-இல் அம்மையார் மறைந்தார். படுக்கைகள் இன்று நூற்றுக்கணக்கில். மூட்டை முடிச்சோடு சென்னையில் இறங்கும் ஏழை நோயாளி, அடையாற்றுக்குத்தான் வழி கேட்கிறார்.